பெரிய டாக்டருக்கு இன்னும் குணமாகவில்லை

என் தம்பி பேசாமல் போனதை நாங்கள் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது எப்பேர்ப்பட்ட தகுதி என்று அந்த மனநல நிலையத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவனும் கட்டையன் என்று எல்லோரும் கூப்பிடுகிற அவன் கூட்டாளியும் ஜோடியாகத்தான் வேலைக்குப் போவார்கள். ஒருநாள் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் பழுது பார்க்கப் போன இடத்தில், லிஃப்ட் குழிக்குள்ளேயே கட்டையனுக்கு மாரடைப்பு வந்து உயிர் போய்விட்டது. தம்பி வீட்டுக்கு வந்தான், சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான், நாற்காலியில் உட்கார்ந்தான். அதற்கப்புறம் வாயைத் திறக்கவே இல்லை.

அதற்கு முன்னால் அவன் வாய்க்கு எங்கள் தெருவே பயப்படும். குழம்பில் உப்பு கூடினால் ஒரு பிரசங்கம், குறைந்தால் இரண்டு. டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணோடுகூடச் சண்டை போடுவான். "கொஞ்சம் மூடேன்டா" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது அவன் எதிரே உட்கார்ந்து உப்பில்லாத குழம்பைச் சத்தமில்லாமல் சாப்பிட்டான். வேண்டுமென்றேதான் உப்புப் போடாமல் வைத்தேன். அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கள் பக்கத்து கிளினிக் டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தார். "தொண்டை நல்லாத்தான் இருக்கு. மனசுல ஏதோ அடைச்சுக்கிட்டிருக்கு. அதைச் சொல்லிட்டா சரியாயிடும். கேக்கறதுக்குன்னே பெரிய இடம் ஒண்ணு இருக்கு, அங்க கூட்டிட்டுப் போங்க" என்றார். நான் வேலை பார்ப்பது ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில். விரிப்பு மடிக்கிற வேலை. அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, இருக்கிறதிலேயே நல்ல சட்டையை அவனுக்குப் போட்டு, நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் சுவரே தெரியவில்லை. எல்லாம் நிலையத்தை நடத்துகிற பெரிய டாக்டரின் படங்கள். குப்புறப் படுத்துத் தலை தூக்கிய குழந்தையாக, பள்ளிக்கூட அரை டிராயரில், பட்டமளிப்புத் தொப்பியில். அவருடைய குருவின் படம், குருவுக்குக் குருவின் படம், அந்தக் குரு வளர்த்த நாயின் படம். மீதி இடத்தில் சான்றிதழ்கள். ஒரு பெரிய சான்றிதழ் ஜன்னல் மேலேயே மாட்டியிருந்ததால் பகலிலும் விளக்குப் போட்டிருந்தார்கள்.

வரவேற்பில் இருந்த அம்மா, "முதல்ல பின்னணி. அப்புறம்தான் டாக்டர்" என்றார்.

"சொல்றேங்க. இவன் என் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். இவனோட கூட்டாளி ஒருத்தன்..."

"இவரோட பின்னணி எதுக்கம்மா? டாக்டரோட பின்னணி. அதைத் தெரிஞ்சுக்காம யாரும் உள்ளே போக முடியாது. உக்காருங்க."

ஒலிபெருக்கியில் ஒரு கனத்த குரல் வாசிக்க ஆரம்பித்தது. பெரிய டாக்டர் எங்கெங்கே படித்தார், யார்யாரிடம் பயிற்சி பெற்றார், எந்தெந்த மாநாட்டில் எந்த வரிசையில் உட்கார்ந்தார். குருவுக்குக் குரு இவர் முதுகில் ஒருமுறை தட்டிக் கொடுத்தாராம். எந்தத் தோள்பட்டைக்குக் கீழே என்பதுவரை விளக்கமாகச் சொன்னார்கள். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் அந்த நாயின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரர் சிநேகமாகச் சிரித்தார். "நீங்க எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

"இன்னிக்குத்தாங்க முதல் நாள்."

"அப்ப அம்மை போட்டதுல ஆரம்பிப்பார். நல்லா இருக்கும். நான் காலேஜ் வந்துட்டேன். இன்னிக்கு ஹாஸ்டல்ல சேர்றார்."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சரம்மா தலையை நீட்டினார். "கதையைச் சொல்லிடாதீங்க சார். நான் இன்னும் எட்டாங்கிளாஸ்லயே நிக்கிறேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்களுக்கு என்னங்க கஷ்டம்?" என்று கண்ணாடிக்காரரைக் கேட்டேன். அவர் நெற்றியைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தூக்கம் வரலைன்னுதான் வந்தேன். இப்பப் பரவாயில்லை. உள்ளே போய் உக்காந்ததுமே வந்துடுது."

பெரிய டாக்டரின் அறைக்குள் மெத்தை போட்ட நீளமான சோபா ஒன்று இருந்தது. அதற்கு எதிரே முதுகு நேராக நிற்கிற ஒரு மர நாற்காலி. நோயாளி படுப்பதற்குத்தான் சோபா என்று எனக்குத் தெரியும், எங்கேயோ பார்த்திருக்கிறேன். தம்பியை அங்கே தள்ளினேன்.

"அது என்னோடது" என்றார் பெரிய டாக்டர்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார். தலையணையைத் தட்டிச் சரி செய்தார். தம்பி மர நாற்காலியில் உட்கார்ந்தான். நான் கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"என் முறைக்குப் பேரு திறந்த நெஞ்சு முறை" என்றார் கூரையைப் பார்த்து. கத்தி கித்தி எங்காவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். "மத்த டாக்டருங்க என்ன பண்றாங்க? நோயாளியைப் பார்த்து, உன் நெஞ்சைத் திறன்னு சொல்றாங்க. அது நாகரிகமா? முன்பின் தெரியாத ஆள் முன்னால யாரும்மா திறப்பாங்க? அதனால முதல்ல நான் திறக்கறேன். நான் முழுசாத் திறந்து முடிச்சதும் உங்க தம்பி முறை."

"எப்ப முடியும் டாக்டர்?"

"எப்படிச் சொல்றது? எனக்கே அறுபது தாண்டிடுச்சு. தினமும் வேற ஏதாவது நடந்துக்கிட்டே இருக்கு."

பிறகு ஆரம்பித்தார். அம்மை போட்டதிலிருந்துதான். அவருடைய அப்பா பல் டாக்டர். மகனும் பல் டாக்டராக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "நான் மறுத்துட்டேன். பல் டாக்டர் அடுத்தவங்க வாயைத் திறக்கச் சொல்லுவார். நான் என் வாயைத் திறக்கறேன். இதைப் புரிஞ்சுக்காமலே அப்பா போய்ச் சேர்ந்துட்டார்" என்று சொல்லித் தேம்பினார். கண் துடைக்கச் சொல்லித் தம்பி மேசையில் இருந்த காகிதத் துண்டை எடுத்து நீட்டினான். வேலையில் ஒருத்தன் கையை நீட்டினால் அதில் எதையாவது வைத்துப் பழகியவன்.

பெரிய டாக்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு நோயாளி எனக்கு வாய்ச்சதே இல்லைம்மா! மத்தவங்க எல்லாம் என் அம்மையைச் சொன்னா உடனே அவங்க அம்மையைச் சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க. இவர் ஒரு வார்த்தை பேசலை பாருங்க. நல்ல முன்னேற்றம், ரொம்ப நல்ல முன்னேற்றம்."

"இவன் எங்க டாக்டர் முன்னேறினான்? அதேதானே இருக்கான்?"

"நான் என்னைச் சொன்னேன்" என்றார்.

வாரா வாரம் போனோம். ஒவ்வொரு தடவையும் முன்னேற்றம்தான். இரண்டாவது மாதத்தில் பெரிய டாக்டருக்குக் கை நடுக்கம் நின்றது, ஏப்பம் குறைந்தது, மனைவியோடு சமாதானம் ஆனது. எல்லாவற்றையும் எங்களிடம் சந்தோஷமாகச் சொன்னார். தம்பிதான் இளைத்துக்கொண்டே போனான்.

இந்த மாதிரி விஷயம் ஓரிடத்தில் அடங்கி இருக்குமா? முதலில் சின்ன டாக்டர் வந்தார். பெரிய டாக்டரிடம் பயிற்சி பெறுகிற பெண். "ஒரே ஒரு அஞ்சு நிமிஷம் உங்க தம்பிகிட்ட இருந்துட்டுப் போறேன்க்கா" என்று என்னிடம் கெஞ்சினார். பெரிய டாக்டர் தன்னை வாயைத் திறக்கவே விடுவதில்லை என்று தம்பியிடம் ஒரு மணி நேரம் அழுதார். அடுத்த வாரம் மருந்து கொடுக்கிறவர் வந்தார். அதற்கடுத்த வாரம் கணக்கர். வரவேற்பு அம்மா தன் மாமியாரின் முதுகு வலியிலிருந்து தொடங்கினார். தம்பியின் மர நாற்காலிக்கு வெள்ளை உறை போட்ட திண்டு வந்தது. கதவில் ஒரு பலகை தொங்கியது: அமைதி காக்கவும். உள்ளே டாக்டர்களுக்குச் சிகிச்சை நடக்கிறது.

"இது என்னங்க நியாயம்? இவன் எப்பத்தான் பேசறது?" என்று சின்ன டாக்டரைக் கேட்டேன்.

"நோயாளி பேசறதெல்லாம் பழைய காலத்து முறைக்கா" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அதுல டாக்டருக்கு எந்தப் பலனும் இல்லைன்னு நிரூபிச்சுட்டாங்க."

என் வீட்டுக்காரருக்கு முதலில் இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. "உன் தம்பி பேசாம இருக்கறதுக்கு அங்க மரியாதை. அந்த ஊர்ல உன்னை விட்டா ஜெயில்ல போட்டுடுவாங்க" என்று சிரித்தார். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அவர் சிரிக்காமல் சமையலறை வாசலில் நின்றார். உள்ளே பார்த்தேன். தம்பி சாப்பாட்டு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, இரண்டு கையையும் முட்டியில் வைத்து, முதுகை நிமிர்த்திச் சுவரைக் கேட்டுக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகவோ. நான் தோளைத் தொட்டதும் மேசையில் துழாவி ஒரு காகிதத் துண்டை எடுத்து, கண் துடைக்கக் கொடுப்பது மாதிரி என்னிடம் நீட்டினான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இவனைப் பேச வைக்கக் கூட்டிப்போனேன். இவர்கள் இவனைக் குப்பைக்கூடை ஆக்கிவிட்டார்கள். மறுநாளே அவனையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போய், இனிமேல் வர மாட்டோம் என்று சொன்னேன்.

அதற்கு ஒரு குழு இருக்கிறதாம். நீள மேசைக்குப் பின்னால் பெரிய டாக்டர் நடுவில், சின்ன டாக்டர் ஓரத்தில், இன்னொரு பக்கம் நரைத்த தாடி வைத்த ஆலோசகர். தம்பியை உள்ளே உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார்கள்.

"சிகிச்சை முடியறவரைக்கும் பாதியில விட மாட்டோம்னு முதல் நாளே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்டீங்களே" என்றார் ஆலோசகர்.

"என் தம்பியோட சிகிச்சைன்னு நினைச்சு ஒத்துக்கிட்டேன்."

"யாரோடதுன்னு நீங்க கேக்கலை. நாங்களா எப்படிச் சொல்றது?"

"இவன் பேசணும் சார். அவ்வளவுதான் எனக்கு வேணும். அன்னிக்கு அந்தக் குழியில என்ன நடந்ததுன்னு இவன் யார்கிட்டயாவது சொல்லணும். சொல்லலைன்னா இவன் இப்படியே போயிடுவான்."

பெரிய டாக்டர் முன்னால் சாய்ந்தார். குரலில் அவ்வளவு கனிவு. "அம்மா, நிதானமா யோசிங்க. இவர் பேசிட்டார்னு வையுங்க. அப்புறம் என்னை யார் கேப்பாங்க? நான் இப்பத்தான் கல்யாணம் வரைக்கும் வந்திருக்கேன். குழந்தைங்க இருக்கு, பதவி உயர்வு இருக்கு, எனக்கு வர வேண்டிய ஒரு பரிசை வேற ஒருத்தனுக்குக் கொடுத்த கதை இருக்கு. ஒரு நோயாளி குணமாகறதுக்காக ஒரு டாக்டரைப் பாதியில நிறுத்தலாமா? இவர் ஒருத்தர். நான் எத்தனை பேருக்கு வைத்தியம் பாக்கறேன்?"

"பாக்கறீங்களா?" என்றேன்.

ஆலோசகர் சின்ன டாக்டர் பக்கம் திரும்பினார். "இதையும் குறிச்சுக்கோ. அக்காவுக்குக் கேள்விப் பதற்றம். முற்றின நிலை."

"பேச்சு அடக்க முடியாம வருது சார்" என்றார் சின்ன டாக்டர் அக்கறையாக. "அன்னிக்கும் என்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டாங்க."

அப்புறம் மூன்று பேரும் தலையை ஒட்டிவைத்துக் குசுகுசுத்தார்கள். முடிவை ஆலோசகர் அறிவித்தார். தம்பியை இனி நிலையத்திலேயே தங்க வைப்பதாம். பெரிய டாக்டருக்கு நேரங்கெட்ட நேரத்தில் ஏதாவது ஞாபகம் வருகிறதாம், அப்போது ஆள் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமாம். வருகிற மாநாட்டில் அவனை ஒரு முன்மாதிரி நோயாளியாக மேடை ஏற்றப் போகிறார்களாம். அதற்கப்புறம் வேண்டுமானால் யோசிக்கலாமாம். நடுவில் கூட்டிக்கொண்டு போனால், இவன் வேலைக்கு லாயக்கில்லை என்று லிஃப்ட் கம்பெனிக்குச் சொல்லிவிடுவார்களாம்.

நான் எழுந்தேன். "உங்களுக்கெல்லாம் கேக்கத் தெரியாது. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அதுக்கு ஒரு முறைன்னு பேரு வெச்சிருக்கீங்க. என் தம்பி உங்க சொத்து இல்லை. கம்பெனிக்குச் சொல்றதா இருந்தா சொல்லிக்குங்க" என்றேன். நேராகத் தம்பி இருந்த அறைக்குப் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். "வாடா, வீட்டுக்குப் போகலாம்."

அவன் வரவில்லை. நாற்காலியை விட்டு அசையவே இல்லை. என்னை யாரும் தடுக்கவில்லை, அதுதான் கொடுமை. கதவு திறந்துதான் இருந்தது. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, எதற்காகவோ காத்திருப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். பெரிய டாக்டர் சோபாவில் ஏறிப் படுத்து, "பொண்ணு பார்க்கப் போன அன்னிக்கு என்ன ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தார்.

மாநாடுவரை தினமும் போனேன். சலவைப் பிரிவிலிருந்து நேராகப் போவேன். பார்க்க விட மாட்டார்கள். கேள்விப் பதற்றம் தொற்றக்கூடியதாம். தம்பி இருந்த அறை ஜன்னலுக்குக் கீழே நின்று, அன்றைக்கு என்ன குழம்பு, உப்பு சரியா, டிவியில் அந்தப் பெண் என்ன புடவை என்று கத்திவிட்டு வருவேன். மேலேயிருந்து எதுவும் வராது. வரவேற்பு அம்மா வந்து, அமைதி காக்கவும் என்பார். நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.

மாநாட்டுக்கு ஜன்னலே இல்லாத பெரிய அரங்கம். மனநலத்தில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். உறவினர் என்பதால் எனக்கும் ஒரு அட்டை கொடுத்துக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். முதலில் வரவேற்புரை. வந்திருந்த ஒவ்வொருவருடைய பின்னணியும் வாசிக்கப்பட்டது. ஒருவர் பின்னணி வாசிக்கும்போது மற்றவர்கள் தங்கள் பின்னணியைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுவதற்காகக் கூடினார்கள் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

பிறகு திரை விலகியது. மேடையில் அதே சோபா, அதே மர நாற்காலி. தம்பியைக் கைதட்டலோடு உட்கார வைத்தார்கள். அவனுக்குச் சட்டை தொளதொளவென்று இருந்தது. பெரிய டாக்டர் கையில் மைக்கோடு படுத்துக்கொண்டார்.

"நண்பர்களே, இவர் என்னிடம் வந்தப்ப நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியும்" என்றார். பலத்த கைதட்டல். "இன்னிக்கு என்னைப் பாருங்க. இந்த மாற்றத்துக்கு இவர் ஒரு வார்த்தைகூடச் செலவு பண்ணலை. நோயாளியோட பேச்சுங்கறது சிகிச்சைக்கு இடைஞ்சல். இதைத்தான் நான் இத்தனை வருஷமாச் சொல்லிக்கிட்டே இருக்கேன், சொல்லிக்கிட்டே இருக்கேன்." மறுபடி கைதட்டல். "இப்ப உங்க முன்னால என் வாழ்க்கையிலயே பெரிய காயத்தைத் திறக்கப் போறேன். பரீட்சை முடிவு வந்த அன்னிக்கு என் குருவோட வீட்டுக்குப் போனேன். வாசல்ல நின்னு ஐயான்னு கூப்பிட்டேன். உள்ளே ஆள் இருக்கறது தெரியுது. பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அவர் சாப்பிட்டுட்டுத் தூங்கிக்கிட்டிருந்தார்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆனா அந்த நேரம்! கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராம நிக்கற அந்த வேதனை! இந்த உலகத்துல யாருக்குத் தெரியும் அது?"

"எனக்குத் தெரியும்" என்றான் தம்பி.

குரல் கரகரவென்று, துருப்பிடித்த மாதிரி வந்தது. என் கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டில் கீழே விழுந்து உருண்டது.

"யாரது? குறுக்கே பேசாதீங்க" என்றார் பெரிய டாக்டர் கண்ணைத் திறக்காமல்.

"நானும் கூப்பிட்டேன்" என்றான் தம்பி.

சின்ன டாக்டர் அலறினார். "சார்! நோயாளி பேசறார் சார்!" அரங்கத்தில் ஒரே சலசலப்பு. முன்வரிசை எழுந்துவிட்டது. தாடி ஆலோசகர் மேடைக்கு ஓடிவந்து தம்பியின் நாடியைப் பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "முத்திப்போச்சு. இத்தனை மாச முன்னேற்றமும் வீண்." யாரோ ஒருவர், "ஆரம்ப நிலைதானே, மறுபடி நிறுத்திட முடியாதா?" என்று கேட்டார். இன்னொருவர், இது அக்காவிடமிருந்து தொற்றியது என்றார். ஜன்னலுக்கு வெளியே நின்று தினமும் கத்தினாளாமே என்று அடுத்தவர் எடுத்துக் கொடுத்தார்.

பெரிய டாக்டர் எழுந்து உட்கார்ந்தார். முகம் அடிபட்ட குழந்தை மாதிரி ஆகிவிட்டது. "உங்களை நம்பி என் நெஞ்சைத் திறந்தேனே. இப்படிப் பண்ணிட்டீங்களே. உங்க முறை இன்னும் வரலையேப்பா. நான் முடிச்சதும் கண்டிப்பா..." தம்பி பேசிக்கொண்டே இருந்தான். அவனிடம் மைக் இல்லை. உதடு அசைவது தெரிந்தது, பெரிய டாக்டரின் குரல்தான் நாலா பக்கமும் கேட்டது.

நான் எப்படி மேடைக்குப் போனேன் என்று தெரியாது. போனேன். மைக்கின் வயர் எங்கே போகிறது என்று பார்த்து, செருகியிருந்த இடத்திலிருந்து பிடுங்கினேன்.

அரங்கம் கப்சிப்பென்று ஆனது.

"எழுந்திரிங்க டாக்டர். உங்க நேரம் முடிஞ்சுது."

"நான் இன்னும் குணமாகலையேம்மா" என்றார். உண்மையான கவலையோடுதான் சொன்னார்.

"அது உங்க பாடு. இங்க இத்தனை டாக்டருங்க இருக்காங்க. யாராவது ஒருத்தர் கேக்கறாங்களான்னு பாருங்க."

அவர் ஆசையோடு அரங்கத்தைப் பார்த்தார். அத்தனை பேரும் அவசரமாகக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஆலோசகர் கையைத் தட்டி, தேநீர் இடைவேளை முன்கூட்டியே விடப்படுகிறது என்று அறிவித்தார். இரண்டு பேர் என்னைப் பிடிக்க வந்தார்கள். "தொடுங்க. எனக்கு என்ன வியாதின்னு உங்களுக்குத்தான் தெரியுமே, தொத்திக்கும்" என்றேன். இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன, அட்டைகள் ஆடின, எல்லோரும் ஒருவர் பின்னணியை ஒருவரிடம் சொல்லிக்கொண்டே வெளியே போனார்கள். பெரிய டாக்டர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கடைசியாகப் போனார்.

நான் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தேன். தம்பி என்னைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மேல மோட்டார் ரூம்ல சுவிட்ச்கிட்ட நான் நின்னேன்க்கா. அவன் கீழ குழிக்குள்ள. சுவிட்ச் போடறதுக்கு முன்னால இருக்கியான்னு கூப்பிடணும். அவன் இருக்கேன்னு சொல்லணும். சொன்னாத்தான் போடணும். சொல்லலைன்னா சுவிட்சை விட்டு நகரக் கூடாது. அதான் எங்க வேலையில சட்டம். நான் கூப்பிட்டேன். சத்தம் இல்லை. பக்கத்துல அந்தக் கட்டட மேனேஜர், போடுப்பா, போடுப்பான்னு நச்சரிச்சுக்கிட்டே நிக்கறான். நான் அந்தாண்ட போனா அவனே போட்டுடுவான். கட்டையன் நசுங்கிடுவான். அதனால நான் நகரலை. சுவிட்சைக் கையால மூடிக்கிட்டு நின்னு கூப்பிட்டேன். இருக்கியாடா, இருக்கியாடான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உன் மேல் தப்பில்லைடா, நீ அவனைக் காப்பாற்றத்தானே நின்றாய் என்று. எனக்கு வாய் எப்போதும் முன்னால் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அவன் உடனே போகலைக்கா. கொஞ்ச நேரம் உயிரோட கிடந்திருக்கான்னு சொன்னாங்க. அப்ப நான் கூப்பிட்டதெல்லாம் அவனுக்குக் கேட்டிருக்கும். மேல நான் இருக்கேன், இறங்கி வர மாட்டேங்கறேன், கூப்பிட்டுக்கிட்டு மட்டும் இருக்கேன்னு அவன் நினைச்சிருப்பான்."

அரங்கத்தின் வாசலில் வாட்ச்மேன் வந்து நின்றார். "அம்மா, டாக்டர் லைட்டை அணைக்கச் சொல்லிட்டாருங்க. ஹாலைக் காலி பண்ணணுமாம். தம்பி பேசறது எப்பங்க முடியும்?"

"தெரியாதுங்க. நீங்க அணைச்சுக்குங்க. நாங்க எழுந்திருக்கறதா இல்லை."

வாட்ச்மேன் தயங்கினார். அப்புறம் சொன்னதைச் செய்கிற ஆள், செய்தார். விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்தன. கடைசியாக மேடை விளக்கும் போனது. என் கை எனக்கே தெரியாத இருட்டு. தம்பியின் குரல் பாதி வார்த்தையில் நின்றது. அவன் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"அக்கா" என்றான். "இருக்கியா?"

"இருக்கேன்டா" என்றேன். "சொல்லு."